மலக்குழிக்கு வெளியே நிகழும் மரணங்கள்: தூய்மைப் பணியாளரின் கல்லீரலும் எழுதப்படாத நோய்க்காரணமும்

2025 ஆகஸ்ட் மாதத்தில், இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்படுவதை எதிர்த்துச் சென்னை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகைக்கு முன்பாக இரவு பகலாகப் போராடினர். 13ஆம் நாள் நள்ளிரவில் அவர்கள் கைது செய்யப்பட்டு அப்புறப்படுத்தப்பட்டனர். மறுநாள் கூடிய தமிழ்நாடு அமைச்சரவை, தூய்மைப் பணியாளர்களுக்கான நலத்திட்டங்களை அறிவித்தது. பணி நிரந்தரம் கேட்டவர்களுக்குக் காலை உணவும் காப்பீடும் பதிலாகக் கிடைத்தன என்னும் விமர்சனம் அப்போதே எழுந்தது, அது நியாயமானதும்கூட. எனினும் அந்த அறிவிப்பில் ஒரு சொற்றொடர் தனித்த கவனத்துக்கு உரியது: தொழில்சார் நோய்கள். அவற்றைக் கண்டறியவும் சிகிச்சை அளிக்கவும் தனித் திட்டம் வகுக்கப்படும் என்று அரசு கூறியது. எடுத்துக்காட்டாக அது சொன்னவை நுரையீரல், தோல் சார்ந்த நோய்கள்.

அந்தப் பட்டியலில் கல்லீரல் இல்லை. இது தற்செயலான விடுபடலாக இருக்கலாம். ஆனால் அதன் பின்னால் நீண்டகாலப் பழக்கம் ஒன்று உள்ளது. தூய்மைப் பணியாளர் ஒருவர் வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து இறந்தால், ‘குடித்துக் குடித்து ஈரல் போய்விட்டது’ என்று ஊர் சொல்கிறது. மருத்துவமனைச் சீட்டும் பல நேரங்களில் அதையே வேறு சொற்களில் எழுதுகிறது. அந்த ஒரு வரியோடு நோய் அவருடைய சொந்தக் குற்றமாகிவிடுகிறது. வேலை அளித்தவருக்கு அதில் எந்தப் பொறுப்பும் மிஞ்சுவதில்லை. இந்த வரி எப்போது உண்மை, எப்போது பொய், அதை உறுதிப்படுத்தும் சோதனை எது, அதைச் செய்ய வேண்டிய கடமை யாருடையது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று வழிகள்

கழிவைக் கையாளும் உடலில் கல்லீரல் பாதிக்கப்படுவதற்கு மூன்று முதன்மையான வழிகள் உள்ளன.

முதலாவது, இரத்தம். வீட்டுக் குப்பையில் இன்சுலின் ஊசியும் சவரப் பிளேடும் இரத்தம் தோய்ந்த பஞ்சும் கலந்தே வருகின்றன. குப்பையைக் கையால் பிரிப்பவரின் விரலில் ஊசி குத்துவது அரிதான விபத்தன்று. ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்கள் தொற்றும் திறனோடு உயிர்த்திருக்கக்கூடியது. இரத்தத்தில் வைரஸ் மிகுந்துள்ள நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு வரை செல்லும் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. ஹெப்படைட்டிஸ் சி வைரஸுக்கு இது ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு, எச்.ஐ.வி.க்கு 0.3 விழுக்காடு. நாம் பெரிதும் அஞ்சும் நோயைவிட, பெயர்கூடத் தெரியாத நோய் நூறு மடங்கு எளிதாகத் தொற்றுகிறது.

இரண்டாவது, மலநீர். ஹெப்படைட்டிஸ் ஏ, இ ஆகிய வைரஸ்கள் மலத்தின் வழியே வெளியேறி, வாய்வழியே நுழைகின்றன. 1955-56இல் யமுனையில் சாக்கடை கலந்ததால் தில்லியில் பரவிய மஞ்சள் காமாலை ஏறத்தாழ 29,000 பேரைத் தாக்கியது. அது ஹெப்படைட்டிஸ் இ வைரஸின் வேலை என்பது பல ஆண்டுகள் கழித்தே புலனாயிற்று. குடிநீரில் கலந்த சாக்கடையே ஒரு நகரத்தை நோயில் தள்ளியதென்றால், அதே சாக்கடைக்குள் கழுத்தளவு இறங்குபவரின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, எலி. எலியின் சிறுநீர் கலந்த தேங்குநீர், காலின் வெடிப்பு வழியாகவும் காயத்தின் வழியாகவும் லெப்டோஸ்பைரா கிருமியை உடலுக்குள் செலுத்துகிறது. முற்றிய நிலையில் இது கல்லீரலையும் சிறுநீரகத்தையும் ஒருசேரத் தாக்கி உயிரைப் பறிக்கும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் டாக்ஸிசைக்ளின், பென்சிலின் போன்ற எளிய மருந்துகளே போதும். காய்ச்சலோடு வருபவரிடம் ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று மருத்துவர் கேட்கிறாரா என்பதைப் பொறுத்தே பல நேரங்களில் உயிர் தப்புகிறது.

இவற்றோடு மது இல்லையா என்றால், உண்டு. நாற்றத்தைத் தாங்குவதற்காகக் குடித்துவிட்டு இறங்குவதாகப் பணியாளர்களே சொல்கிறார்கள். மதுவை விற்பது அரசின் நிறுவனம். குடித்தால்தான் இறங்க முடியும் என்னும் நிலையிலுள்ள வேலையைத் தருவது உள்ளாட்சி அமைப்பு. அதனை ஒதுக்கி வைத்தாலும் மருத்துவ உண்மை ஒன்று எஞ்சுகிறது: வைரஸ் தொற்றுள்ள கல்லீரலை மது மேலும் விரைவாகச் சிதைக்கிறது. ஆகவே மது அருந்தியவர் என்பது வைரஸ் சோதனையைத் தவிர்க்கக் காரணமாகாது. அவருக்கு அச்சோதனை மற்றவரைவிட அவசரமானது.

நோயறிதல்: எழுதப்படும் காரணமும் எழுதப்படாத காரணமும்

கல்லீரல் தன் துன்பத்தை எளிதில் வெளிக்காட்டாத உறுப்பு. அதன் பெரும்பகுதி பழுதான பின்னும் வேலை செய்துகொண்டிருக்கும். நாள்பட்ட ஹெப்படைட்டிஸ் பி தொற்றுடையவர் இருபது, முப்பது ஆண்டுகள் எந்த அறிகுறியுமின்றி உழைக்கலாம். அறிகுறி தென்படும்போது பெரும்பாலும் கல்லீரல் இறுகி, சிரோசிஸ் நிலையை எட்டியிருக்கும். வயிற்றில் நீர் கோத்தல், இரத்த வாந்தி, நினைவு தடுமாறுதல் எல்லாம் கடைசி அத்தியாயங்கள். நாள்பட்ட தொற்றுடைய பெரியவர்களில் 20 முதல் 30 விழுக்காட்டினருக்கு சிரோசிஸோ கல்லீரல் புற்றுநோயோ வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஆனால் கண்டறிவதோ மிக எளிது. எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்னும் இரத்தச் சோதனை ஹெப்படைட்டிஸ் பி தொற்று இருக்கிறதா என்பதைச் சில நிமிடங்களில் காட்டும். ஹெப்படைட்டிஸ் சி வைரஸுக்கு எதிர்ப்புப் புரதச் சோதனை உண்டு. கல்லீரல் செல்கள் சிதையும்போது இரத்தத்தில் கசியும் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. ஆகிய நொதிகளின் அளவும் உதவும். மதுவால் வரும் பாதிப்பில் இரண்டாவது நொதி முதலாவதைவிட இரு மடங்குக்கு மேல் உயர்வது வழக்கம். வைரஸ் தொற்றில் பெரும்பாலும் முதலாவதே மேலோங்கும். இது முடிந்த முடிபன்று. சிரோசிஸ் முற்றினால் இந்த வேறுபாடு மங்கிவிடும். எனவே நொதிகளை மட்டும் பார்த்து ‘குடி’ என்று எழுதிவிட முடியாது. வைரஸ் சோதனை கட்டாயம்.

இச்சோதனை செய்யப்படாமலேயே ‘மதுசார் கல்லீரல் நோய்’ என்று எழுதப்படும் ஒவ்வொரு சீட்டும், சட்டத்தின் பார்வையில், ஒரு சான்று அழிந்ததற்குச் சமம். தூய்மைப் பணியாளர் என்றவுடன் குடிகாரர் என்று எண்ணும் மனம் சாதியத்தின் மனம். அது மருத்துவரின் மேசையில் அமரும்போது, சாதி நோய்க்காரணமாகப் பதிவாகிறது.

சிகிச்சையும் தடுப்பும்

ஹெப்படைட்டிஸ் சி இன்று முற்றாகக் குணமாகும் நோய். சோஃபோஸ்புவிர் உள்ளிட்ட மாத்திரைகளைப் பெரும்பாலும் 12 வாரங்கள் உட்கொண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குணமடைகின்றனர். ஹெப்படைட்டிஸ் பி முற்றாக நீங்குவது அரிது. ஆனால் டெனோஃபோவிர் மாத்திரையை நாளும் உட்கொண்டால் வைரஸ் அடங்கும், கல்லீரல் இறுகுவது தடுக்கப்படும். 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் ஹெப்படைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் இந்தச் சோதனைகளும் மருந்துகளும் இலவசம். பணமில்லை என்பது இங்கே தடையன்று. பரிசோதனைக்கு யாரும் அழைத்துச் செல்லாததே தடை.

தடுப்பூசியும் உண்டு. முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று தவணைகள். இந்தியாவில் குழந்தைகளுக்கான பொது தடுப்பூசித் திட்டத்தில் ஹெப்படைட்டிஸ் பி 2011இல்தான் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. ஆகவே இன்று துடைப்பம் ஏந்தும் தலைமுறையில் பெரும்பான்மையோர் பிறந்தபோது அந்த ஊசியைப் பெறாதவர்கள். ஊசி குத்திய பின்னரும் ஒரு வாய்ப்பு உள்ளது: 24 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலினும் தடுப்பூசியும் செலுத்தினால் தொற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். காயத்தைச் சேலைத் துணியால் கட்டிக்கொண்டு அடுத்த தொட்டியை நோக்கி நடக்கும் பெண்ணுக்கு இந்த 24 மணி நேரக் கணக்கை யார் சொல்லியிருக்கிறார்கள்?

ஒரே ஊசி, இரண்டு சட்டங்கள்

உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016இன் 4ஆவது விதி தெளிவானது. மருத்துவமனையை நடத்துபவர், மருத்துவக் கழிவைக் கையாளும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பிறருக்கும் ஹெப்படைட்டிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்கு எதிரான தடுப்பூசி போட வேண்டும். பணியில் சேரும்போதும் பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் உடற்பரிசோதனை செய்ய வேண்டும். ‘பிறரும்’ என்ற சொல் முக்கியமானது. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரும் அதற்குள் அடங்குவார்.

அதே ஊசி ஒரு வீட்டிலிருந்து வெளியேறினால் அதன் சட்டப் பெயர் மாறிவிடுகிறது. திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016 அதனை ‘வீட்டு அபாயக் கழிவு’ என்று வகைப்படுத்தின. கையுறை, காலணி, முகக்கவசம், ஒளிரும் மேலங்கி என்று பட்டியலிட்ட அவ்விதிகள், தடுப்பூசியைப் பற்றி மருத்துவக் கழிவு விதிகளைப் போன்ற தெளிவோடு பேசவில்லை. வைரஸுக்கு மருத்துவமனை வாசலும் வீட்டு வாசலும் ஒன்றே. சட்டத்துக்கு மட்டும் அவை வேறு.

இந்த வேறுபாட்டைச் சுமப்பவர்கள் யார் என்பதற்கு ஒன்றிய அரசின் கணக்கே சான்று. ‘நமஸ்தே’ திட்டத்தின்கீழ் 2024 வரை விவரம் சேகரிக்கப்பட்ட ஏறத்தாழ 38,000 கழிவுநீர்க் கால்வாய், மலக்குழிப் பணியாளர்களில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 91.9 விழுக்காடு.

இழப்பீடு: உடனே இறந்தால் உண்டு, மெல்ல இறந்தால் இல்லை

மலக்குழி மரணங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அத்தொகை 30 இலட்சமாக உயர்ந்தது. உடல் ஊனத்துக்குக் குறைந்தது 10 இலட்சம், வாழ்வாதாரத்தை இழக்கச் செய்யும் நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 இலட்சம் என்றும் அத்தீர்ப்பு வகுத்தது. நெடிய போராட்டத்தின் பயன் இவை. ஆயினும் இவற்றை நாம் இதுவரை நச்சுவாயுவால் குழிக்குள் நிகழும் மரணங்களுக்கே பயன்படுத்தி வந்துள்ளோம். குழியிலிருந்து உயிரோடு ஏறி, அங்கே பெற்ற நோயால் இருபது ஆண்டு கழித்து மருத்துவமனைக் கட்டிலில் இறப்பவர் எந்தக் கணக்கிலும் இல்லை.

சட்டத்தில் அவருக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, ‘அ’ பகுதியின் முதல் இனமாகத் தொற்றுநோய்களே இருந்தன. சுகாதாரப் பணி, ஆய்வகப் பணி ஆகியவற்றோடு, ‘தொற்றுக்கான தனி அபாயம் கொண்ட பிற பணிகளும்’ அதில் அடங்கின. அச்சட்டத்தின் 3(2)ஆம் பிரிவின்படி, அத்தகைய பணியில் உள்ளவருக்கு அந்நோய் வந்தால் அது பணியால் விளைந்த விபத்தாகவே கருதப்பட்டது. அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வேலை அளித்தவருடையதாக இருந்தது. 12ஆம் பிரிவு, ஒப்பந்ததாரரைக் காட்டி முதன்மை நிறுவனம் தப்பிக்க முடியாதபடி செய்தது. தொழில்சார் நோய்ப் பட்டியல் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் மூன்றாம் அட்டவணையாக இடம்பெற்றுள்ளது. இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவர்கள் அத்திட்டத்தின் வழியே தொழில்சார் நோய்க்கான பலனைக் கோர வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் ஹெப்படைட்டிஸ் வைரஸ்கள் பெயர் சுட்டியே சேர்க்கப்பட்டுள்ளன.

அப்படியானால் சிக்கல் எங்கே? காலக் கணக்கில். பணியிலிருந்து விலகியவருக்கு, விலகிய இரண்டு ஆண்டுகளுக்குள் அறிகுறி தோன்றினால் மட்டுமே அந்நோயைப் பணியோடு இணைத்துப் பார்க்க 1923 சட்டம் வழி வகுத்தது. அறிகுறியின்றி இருபது ஆண்டுகள் உறங்கும் நோய்க்கு இரண்டு ஆண்டு வாசல். ஒப்பந்தம் முடிந்து 48 வயதில் வெளியேற்றப்பட்டவருக்கு 56இல் வயிற்றில் நீர் கோத்தால், அவ்வாசல் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே அடைபட்டுவிட்டிருக்கும்.

கல்நார்த் தொழிலாளர்கள் பெற்ற நீதி

தாமதமாக வெளிப்படும் தொழில்நோயை நம் நீதிமன்றங்கள் அறியாதவை அல்ல. 1995 ஜனவரி 27 அன்று, நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலம் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்நார்த் தூசு நுரையீரலைப் பல பத்தாண்டுகள் கழித்தே கொல்லும் என்பதை உணர்ந்த நீதிமன்றம், ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் பணியில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகளோ, ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று ஆணையிட்டது.

நுரையீரலில் தங்கும் தூசுக்கு 40 ஆண்டுப் பதிவேடு வேண்டுமெனில், கல்லீரலில் தங்கும் வைரஸுக்கும் அது வேண்டும். இத்தீர்ப்பின் தர்க்கத்தைத் தூய்மைப் பணிக்கு விரிவாக்கக் கோரும் பொதுநல வழக்குக்கு வலுவான அடிப்படை இருக்கிறது.

எதிர்வாதத்தை மறைக்க வேண்டாம்

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு மருத்துவ உண்மையை எடுத்து வைப்பார். வயது வந்தபின் ஹெப்படைட்டிஸ் பி தொற்றினால், நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கே அது நாள்பட்ட நோயாக நிலைக்கிறது. பிறக்கும்போது தாயிடமிருந்து பெற்றவர்களிலோ ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு நிலைக்கிறது. ஆகவே இவருக்கு வந்தது பிறவியிலேயே வந்தது, பணியால் அன்று என்பது அவர் வாதமாக இருக்கும். புள்ளிவிவரம் சரியே. அதை மறுத்துப் பயனில்லை.

ஆனால் அது ஒரு தனிமனிதரின் வழக்கைத் தீர்மானிக்காது. இவருக்குப் பணியில் சேர்ந்த நாளில் தொற்று இருந்ததா என்பதே கேள்வி. அதற்கு விடை சொல்லக்கூடியது அன்றைய இரத்தச் சோதனை. அதைச் செய்யும் கடமை, மருத்துவக் கழிவு விதிகளின்கீழ், வேலை அளித்தவருடையது. தன் கடமையைச் செய்யாதவர், அதனால் உண்டான சான்றின்மையைத் தனக்கே சாதகமாகப் பயன்படுத்த முடியாது. சட்டம் தொழிலாளியின் பக்கம் நிறுத்தியுள்ள அனுமானத்தை உடைக்க அவரிடம் தாள் எதுவும் இல்லை. நாம் ஆணையர் முன் வைக்க வேண்டிய வாதம் இதுவே.

இன்னொரு அச்சம் பணியாளர்களிடமிருந்தே எழுகிறது: சோதனையில் தொற்று தெரிந்தால் வேலை போய்விடாதா? எச்.ஐ.வி. தொற்றுடையோரை வேலையில் பாகுபடுத்துவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஹெப்படைட்டிஸ் பி தொற்றுடையோருக்கு அத்தகைய தனிச்சட்டம் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளிலும் கல்லீரல் நோய் இல்லை. பாதுகாப்பு இல்லாமல் சோதனையை மட்டும் கோருவது, தொழிலாளியைக் காட்டிக்கொடுக்கும் செயலாக முடியலாம். இரண்டையும் சேர்த்தே கோர வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலில், அரசு அறிவித்த தொழில்சார் நோய்த் திட்டத்தில் கல்லீரல் சேர்க்கப்பட வேண்டும். நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்ற பாகுபாடின்றி, பணியில் சேரும்போதும் ஆண்டுதோறும் ஹெப்படைட்டிஸ் பி, சி சோதனைகள், மூன்று தவணைத் தடுப்பூசி, அது பலித்ததா என்று காணும் எதிர்ப்புப் புரதச் சோதனை, ஊசிக்காயப் பதிவேடு, முடிவுகளின் நகல் பணியாளர் கையில், 40 ஆண்டுப் பாதுகாப்பு, தொற்றைக் காரணம் காட்டி வேலை நீக்கம் இல்லை என்னும் எழுத்துவழி ஆணை. இவற்றுள் எதுவும் புதிய கண்டுபிடிப்பைக் கோருவதன்று.

அடுத்து, மாணவத் தோழர்கள் தத்தம் நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு அனுப்பலாம். கேள்விகள் எளியவை: கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை தூய்மைப் பணியாளர்களுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போடப்பட்டது? ஒப்பந்தப் பணியாளர்கள் அதில் எத்தனை பேர்? ஊசிக்காயப் பதிவேடு உள்ளதா? 30 நாட்களுக்குள் விடை வர வேண்டும். ‘அத்தகைய பதிவேடு பராமரிக்கப்படவில்லை’ என்று வரும் விடையும் நமக்குச் சான்றே.

மூன்றாவதாக, தூய்மைப் பணியாளர் எவரேனும் கண் மஞ்சளித்து நின்றால், கீழாநெல்லியோடும் மந்திரிப்போடும் நிறுத்தாமல் அரசு மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். அவர் செய்யும் வேலை, அதில் பணியாற்றிய ஆண்டுகள், ஊசி குத்திய நாட்கள் ஆகியவற்றை மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். வைரஸ் சோதனை செய்யாமல் ‘குடி’ என்று எழுதினால், சோதனையைக் கேட்டுப் பெறுங்கள். முடிவு மது என்றே வந்தால் அதையும் ஏற்போம். சிகிச்சைக்கான அவர் உரிமை அதனால் குறைவதில்லை. ஆனால் அது சோதனைக்குப் பின் வந்த முடிவாக இருக்கட்டும். அந்தச் சீட்டில் எழுதப்படும் ஒரு வரியே பின்னாளில் அவர் குடும்பம் ஆணையர் முன் நீட்டக்கூடிய முதல் ஆவணம்.